பிள்ளைகள் தூங்கும் நேரத்துப் பாட்டு

எங்கள் இசைக்குழுவுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்கள் உடனே போனை எடுத்துத் தேடுவார்கள். ஒரு பாட்டு வரும். கேட்டுவிட்டு, பரவாயில்லையே, நன்றாகப் பாடியிருக்கிறாளே என்று என்னைப் பற்றி நினைப்பார்கள். அது என் குரல் இல்லை. பாடிய பெண் யாரென்றுகூட எனக்குத் தெரியாது, ஒருமுறையும் பார்த்ததில்லை. குறை சொல்ல எனக்கு ஆசைதான். பலமுறை கேட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் அகப்படவில்லை.

குழுவில் மூன்று பேர். ஒன்றரை வருடம் இருந்தோம். அதில் கடைசிப் பாட்டுகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாடியது நான்தான். கொழும்புக்குப் போன அந்த ஒரு நாளில் மற்ற இரண்டு பேரும் என்னை வேண்டாம் என்று நினைத்தார்களா என்பது மட்டுந்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நினைத்தார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, மூன்று வருடம் அந்தத் தீர்ப்போடு குடித்தனம் நடத்தினேன்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். வாசலில் கௌரவமான பெயர் ஒன்றை எழுதிப் பலகை தொங்க விட்டிருக்கிறார்கள். பலகையைத் தவிர யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் நுவரெலியாவில் மரக்கறிக் கடையில் வேலை, குடும்பமும் அங்கேதான். எனக்குக் கலியாணம் கூடிவரவில்லை; ஏன் கூடிவரவில்லை என்று விசாரிக்கத் தோட்டத்தில் நிறைய ஆள் இருப்பதால் அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டேன். பகலெல்லாம் என்னைச் சுற்றிப் பேச்சுச் சத்தம் ஓயாது. ஆனால் பேசுகிற யாருக்கும் நாலு வயது தாண்டியிருக்காது. சாயந்தரம் ஒவ்வொரு தாயாக வந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் என் காம்பராக் கதவைத் திறந்தால், அடுத்த நாள் காலை வரைக்கும் நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. கேட்கிறவர்களிடம் பழகிவிட்டது என்று சொல்வேன். பழகவில்லை.

பாட்டு அந்த வேலையில் வந்ததுதான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும். இருபது பிள்ளைகளைத் தூங்க வைப்பது வீட்டில் ஒரு பிள்ளையைத் தூங்க வைப்பது மாதிரி இல்லை. பத்தொன்பது தூங்கியிருக்கும். ஒன்று மட்டும் கண்ணை உருட்டிக் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பாட்டு அந்த ஒன்றுக்குக் கேட்க வேண்டும். மற்றப் பத்தொன்பதையும் எழுப்பக் கூடாது. சினிமாப் பாட்டுச் சரிப்படாது, இடையில் எங்கேயாவது ஏறிவிடும். அதனால் நானே சொற்களைப் போட்டுக்கொள்வேன். பாய் ஓரமாக உட்கார்ந்து, மூச்சில் பாதியைப் பாட்டுக்கும் பாதியைச் சத்தம் வராமல் பிடித்து வைப்பதற்கும் விட்டு, கண்ணும் கருத்துமாகப் பாடுவேன். பதினோரு வருடம் அப்படிப் பாடியிருக்கிறேன். வேறு மாதிரிப் பாட எனக்குத் தெரியாது. அது ஒரு குறை என்றே அப்போது தெரியாது.

கொரோனா வந்து கொழும்பை மூடினார்கள். தேயிலை மட்டும் மூடவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள், பிள்ளைக்காம்பராவும் நடந்தது. கொழும்புக் கடைகளில் நின்ற எங்கள் இளந்தாரிகள் எல்லாரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் புறக்கோட்டையில் புடவைக் கடையில் நின்றவர், ஒரு கிட்டாரோடு வந்தார். இன்னொருவர் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டவர். கொத்துத் தகட்டில் அடித்துப் பழகிய கை, எதைத் தொட்டாலும் தாளமாகத்தான் தட்டும். தனிமைப்படுத்தல் நாள் முடிந்த பிறகும் கொழும்பிலிருந்து வந்தவர்கள் என்று ஆட்கள் அவர்களைக் கண்டால் ஒதுங்கித்தான் நடந்தார்கள். இரண்டு பேரும் போக்கிடம் இல்லாமல் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருந்த சீமெந்துப் படியில் வந்து உட்காருவார்கள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்கள்.

ஒரு நாள் பிள்ளைகள் தூங்கிய நேரம் ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

“அக்கா, ஒரு வாரமா ஒங்க பாட்டத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம். நாங்களும் கூட வாசிக்கவா?”

“வாசிங்க. ஆனா ஒரு புள்ள முழிச்சாலும் ரெண்டு பேரும் உள்ள வந்து தொட்டில் ஆட்டணும்” என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஜன்னலுக்கு உள்ளே பாய் ஓரத்தில். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே படியில். கிட்டார்க்காரர் நகம் படாமல் கட்டை விரலின் சதையால் மட்டும் தந்தியைத் தொடுவார். மற்றவர் காலிப் பால்மா டின் ஒன்றைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியால் தட்டுவார். அவருக்கு டின்காரர் என்று நான் வைத்த பெயர் லயமெல்லாம் பரவி, அவருடைய அம்மாவே டின்னு என்று கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது. யாராவது ஒரு பிள்ளை புரண்டு படுத்தால் மூன்று பேரும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். பிள்ளை அடங்கியதும் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவோம். அப்படி நிறுத்தி நிறுத்திப் பாடியே எங்கள் பாட்டுகளில் ஆங்காங்கே ஒரு மௌனம் நிலைத்துவிட்டது.

முதல் பாட்டு, கீழ்மலைக்கு வெயில் போய்விட்டது, மேல்மலைக்கு மழை வந்துவிட்டது, நடுவில் நிற்கிற உனக்கு என்ன வந்தது என்று கேட்கிற பாட்டு. பிள்ளைகளுக்குப் போட்ட சொற்கள்தான். கிட்டார்க்காரர் அதைக் கேட்டுவிட்டு, “இது யாருக்குக்கா எழுதுனீங்க?” என்றார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒருவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது, அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டின்காரர் போனில் பதிவு செய்து, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறிப் போய் இணையத்தில் ஏற்றினார். இப்படி மூன்று பாட்டு. கேட்டவர்கள் எழுதியதை எல்லாம் கீழே இறங்கி வந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். என்ன ஒரு புதுப் பாணி, காதுக்குள் வந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பாணிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர்கூட இருப்பதாக டின்காரர் சொன்னார், எனக்கு அது வாயில் நுழையவில்லை. பிள்ளைகள் எழும்பினால் பால் கரைக்க வேண்டும் என்ற பயத்தைத்தான் அவர்கள் பாணி என்கிறார்கள் என்று சொன்னேன். மூன்று பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். சத்தம் வராமல் சிரிக்க அவர்களும் அதற்குள் பழகியிருந்தார்கள்.

அடுத்த வருடம் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்ததும் கோயில் திருவிழாவைச் சின்ன அளவில் நடத்தினார்கள். பாட்டுக்கு ஹட்டனிலிருந்து ஒரு கோஷ்டியைச் சொல்லியிருந்தார்கள். டின்காரர் தோட்டத் தலைவரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, கோஷ்டி தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் வாங்கிவிட்டார். சாயந்தரம், தேர் கிளம்புகிற நேரம். நான் அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினேன். இரண்டு பாட்டை முழுதாகப் பாடி முடித்தோம். சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றது. ஒரு கைதட்டு இல்லை. கடைசியில் முன் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “மைக்கு நல்லாத்தான் வேல செய்யுது தாயி, சட்டுபுட்டுனு பாட்ட ஆரம்பிங்க” என்றார். அது வரைக்கும் மைக் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எல்லாரும் பொறுமையாக நின்றிருக்கிறார்கள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இறங்கி வந்தால், பிள்ளைக்காம்பராத் தாய் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

“என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? காலையில இருந்து தேரு தேருன்னு துள்ளிக்கிட்டு இருந்தவன், ஒங்க குரலக் கேட்டதும் தூங்கிட்டான்! பாருங்க, எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்கறான்.”

அவன் மட்டும் இல்லை. கூட்டத்தில் என் பிள்ளைகள் அத்தனை பேரும், தோளிலும் மடியிலும், தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிட்டார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையில் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். அவமானப்பட்டாலும் கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், எங்கள் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, அதை ஒழுங்காகப் பதிவு செய்து தருகிறேன், வாருங்கள் என்று எழுதியிருந்தார். ஆசையில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தின் அடுத்த டிவிசனிலிருந்து ஒரு பெண்ணைப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு நாள் லீவு எடுத்தேன். கொட்டகலையிலிருந்து பஸ் பிடித்துப் போனோம்.

ஸ்டூடியோ ஒரு மாடி வீட்டில் இருந்தது. அந்த அண்ணன் நல்ல மனிதர், தேநீரெல்லாம் தந்துதான் வேலையைத் தொடங்கினார். எங்கள் பாட்டுக்கு மேளமும் வயலினும் சேர்த்து அவர் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தார். என்னை மட்டும் ஒரு சின்ன அறைக்குள் விட்டு, காதில் பெரிய கருவியை மாட்டி, கதவைச் சாத்தினார். சுவரெல்லாம் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் தெரிந்தார்கள், அவர்கள் பேசுவது கேட்கவில்லை. அந்த அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினால் மட்டும் அவர் குரல் என் காதுக்குள் வரும்.

“தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. வடிவான குரல் உங்களுக்கு. கொஞ்சம் திறந்து பாடுங்கோ, இது காணாது.”

திறந்து பாடிப் பார்த்தேன். உடைந்தது. சரி, எப்போதும் போல மெல்லப் பாடலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. மெல்லப் பாடுவது யாரையாவது எழுப்பிவிடாமல் இருப்பதற்கு. அந்த அறையில் எழுப்புவதற்கு ஒருவரும் இல்லை. எதற்காகச் சத்தத்தைப் பிடித்து வைப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஏழு தடவையோ எட்டுத் தடவையோ முயன்றிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த அண்ணன், “பரவாயில்லை, இன்னொருக்காப் பாப்பம்” என்றார். அந்தப் பரவாயில்லை என் காதில் ஊசியாகக் குத்தியது. பிறகு அவர் பொத்தானை விட்டுவிட்டு, திரும்பி மற்ற இரண்டு பேரிடமும் எதையோ நீளமாகச் சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்வது தெரிந்தது.

என்ன பேசுகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்து, “தொண்டை கட்டிருச்சு. வேற யாரையாவது வச்சுப் பாட வச்சிருங்க. நாளைக்கு எனக்கு வேல இருக்கு, லேட்டாகுது” என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் சொல்லி நான் கேட்பதைவிட நானே முந்திக்கொள்வது மேல் என்ற வீம்பு.

கிட்டார்க்காரர், “சரிக்கா” என்றார்.

வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் ஏறும் வரை காத்திருந்தேன். அவிசாவளையில் டின்காரர் வடை வாங்கி நீட்டினார், பசியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கினிகத்தேனையில் மழை பிடித்தது.

இரண்டு மாதத்தில் வேறொரு பெண்ணின் குரலில் பாட்டு வெளியானது. நிறையப் பேர் கேட்டார்கள். பழைய மூன்று பாட்டும் தரத்தில் ஒட்டவில்லை என்று அந்த ஸ்டூடியோ அண்ணன் சொல்கிறார், எடுத்துவிடலாமா என்று டின்காரர் எனக்குச் செய்தி போட்டுக் கேட்டார். எடுத்துருங்க தம்பி என்று எழுதினேன். எடுத்துவிட்டார். என்னுடைய பழைய போன் அதற்கு முன்பே மழைத் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது, என்னிடம் ஒரு பிரதியும் இல்லை. அதற்குள் கொழும்பு திறந்து, கடைக்காரர்கள் கூப்பிட, இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணை வைத்து இன்னும் ஒரு பாட்டுப் போட்டார்கள். பிறகு பெற்றோல் வரிசையும் சாமான் விலையும் வந்தது, பாட்டை யாரும் நினைக்கவில்லை. கிட்டார்க்காரர் ஏஜென்சி மூலம் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனார். டின்காரர் கொழும்பிலேயே கலியாணம் முடித்தார். குழுவை யாரும் கலைக்கவில்லை. கலைக்கிறோம் என்று சொல்லக்கூட ஒருவரும் ஊரில் இல்லை.

நான் எங்கேயும் போகாததால் எனக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. மதியம் பிள்ளைகள் தூங்குவார்கள், நான் பாடுவேன், பின்பக்கத்துப் படியில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் கோபம் அதிகமாக வரும். பொழுது போகாத காலத்துக்கு ஒரு அக்கா வேண்டியிருந்தாள், பொழுது போனதும் வேண்டியிருக்கவில்லை என்று மனதுக்குள் திட்டுவேன். திட்டவும் அவர்கள் இரண்டு பேரைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் விடாமல் சத்தம் போட்டது. கிட்டார்க்காரர். ஒரு வருடத்துக்குப் பிறகு. “போன் மாத்துறேன்க்கா. பழைய வீடியோ எல்லாம் அழிக்கணும். நீங்க இருக்கறத மட்டும் அனுப்புறேன், வேணுமின்னா வச்சுக்கங்க” என்று எழுதி, ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார். லயத்தில் கிடைக்கிற அரைகுறைச் சிக்னலில் வீடியோ திறக்காது, எனக்குத் தண்ணீர்த் தாங்கி மேடுதான் கதி. ஏறிப் போய்க் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். டின் தட்டுகிற விரல்கள். பாயில் வரிசையாகக் கால்கள், இன்று அவை எல்லாம் பள்ளிக்கூடம் போகிற கால்கள். என் குரல் ஒரு துண்டில் கேட்டது. அதை இரண்டு தடவை கேட்டேன்.

கடைசியில் இருந்தது ஸ்டூடியோ. எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் போடுவதற்காகக் கிட்டார்க்காரர் அன்று எடுத்திருக்கிறார்; கையில் போன் இருந்தது தெரியும், எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குள்ளே நான் நிற்கிறேன், வாய் அசைகிறது. இந்தப் பக்கத்துப் பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. வேறொரு பாடகி இருக்கிறா, கூப்பிட்டால் இன்றைக்கே வருவா என்று அந்த அண்ணன் சொல்கிறார்.

“அக்கா இல்லாம எப்பிடிண்ணா? பாட்டே அக்காதானே” என்கிறார் டின்காரர்.

போனுக்குப் பின்னாலிருந்து, மிகக் கிட்டத்தில், கிட்டார்க்காரரின் குரல் வருகிறது. “வேணாண்ணா. கோவிச்சுக்காதீங்க. நாங்க ஊருக்கே போயி எடுத்துக்கறோம். புள்ளைங்க தூங்கற நேரத்துல எடுத்தாத்தான் அக்காவுக்கு வரும்.”

அப்போது கதவு திறக்கிறது. அம்மாவின் பட்டுப்புடவையில் நான் வருகிறேன். சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருமே இவளுக்கு இதில் அக்கறை இல்லை என்றுதான் நினைப்பார்கள். தொண்டை கட்டியது, வேறு யாரையாவது, நாளைக்கு வேலை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறேன். எதையோ சொல்ல வாயெடுத்த டின்காரர் வாயை மூடிக்கொள்கிறார். போன் கீழே இறங்குகிறது, தரையும் செருப்புகளும் தெரிகின்றன. “சரிக்கா” என்ற குரலோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

அன்று கேட்ட அதே சரிக்காதான். விட்டது தொல்லை என்கிற சரிக்கா என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். இப்போது கேட்டால் அழுகிற குரல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர்கள் என்னைத் தனியாக விடவில்லை. நான்தான் அவர்களை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டு.

பதில் எழுத நிறைய முயன்றேன். நீளமாக எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், “அன்னிக்கு நான் சும்மாதான் சொன்னேன் தம்பி” என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவருக்கு வேலை நேரம். அடுத்த நாள் பத்து மணிக்குத்தான் பார்த்தார்.

“என்னிக்குக்கா?” என்று கேட்டிருந்தார்.

மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தாங்கி மேட்டுக்கு வேகமாக ஏறிப் போய்த்தான் அதை வாசித்தேன். சொல்லியிருக்கலாம். எந்த நாள், எந்த அறை, எந்தக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

“ஒண்ணுமில்ல தம்பி. அங்க வெயில் எப்பிடி?” என்று எழுதினேன்.

“பயங்கர வெயிலுக்கா” என்று உடனே பதில் வந்தது.